ஹார்லெமில் ஒரு முரசு வீடு

பாபாதுண்டே ஒலாதுன்ஜி என்ற பெயர் தமிழ் வாசகர்களில் பலருக்குப் புதிதாக இருக்கக்கூடும். எனினும் அவருடைய தாளம் அவர்களுள் சிலரது காதுகளையேனும் எப்போதோ எட்டியிருக்கும். கார்லோஸ் சந்தானாவின் குழு 1969இல் வெளியிட்ட முதலாவது இசைத்தட்டில் ‘ஜிங்கோ’ என்றொரு உருப்படி இருக்கிறது. மேற்கத்தேய ரொக் இசையில் நாட்டமுள்ளோர் அதனை நன்கறிவர். அது சந்தானாவின் ஆக்கமன்று. நைஜீரியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஒலாதுன்ஜி 1960இல் வெளியிட்ட ‘ட்ரம்ஸ் ஒஃப் பஷன்’ என்ற இசைத்தட்டிலிருந்து எடுக்கப்பட்டது அது. சந்தானா இசைத்தட்டின் ஆரம்பப் பிரதிகளில் ஆக்கியோன் என்று வேறொருவரின் பெயரே அச்சிடப்பட்டிருந்தது. அதற்கும் ஐந்தாண்டுகள் முன்னர், 1964இல், பிரெஞ்சுப் பாடகர் சேர்ஜ் கான்ஸ்பூர் அதே இசைத்தட்டின் மூன்று பாடல்களை எடுத்து, தமது சொற்களை இட்டு, தமது பெயரிலேயே வெளியிட்டார். அங்கு ஒலாதுன்ஜியின் பெயர் சேர்க்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் சென்றன.

ஒலாதுன்ஜியைப் பற்றி எழுத முற்படுவோரில் பலர் இந்த இடத்தில் தொடங்கி இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றனர். பறிகொடுத்தவரின் கதைக்கு எப்போதும் ஓர் ஈர்ப்பு உண்டு. பத்திரிகைத் தொழிலில் இருப்போருக்கு அது எளிதில் தலைப்பும் தந்துவிடும். என்னுடைய எண்ணம் சற்று வேறானது. அவரிடமிருந்து பறிக்கப்பட்டது பெரிதுதான். ஆனால் அவர் மனமுவந்து கொடுத்ததும், கொடுத்ததைப் பெற்றுக்கொண்ட சமூகம் அதனைக் காப்பாற்றத் தவறியதும் அதைவிடப் பெரியவை. நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியில், 125ஆம் தெருவில், அவர் நடத்திய கலை நிலையத்தையே குறிப்பிடுகிறேன். அவருடைய வாழ்க்கையின் நடுநாயகமான பணி அதுவென்றும், இசைத்தட்டுக்களும் விருதுகளும் அதனைச் சுற்றி நின்றவையே என்றும் நான் கருதுகின்றேன். அதற்கான காரணங்களைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடிமைத் துறையிலிருந்து வந்தவர்

ஒலாதுன்ஜி 1927 ஏப்ரல் 7ஆம் திகதி அஜிடோ என்ற மீனவக் கிராமத்தில் பிறந்தார். இன்றைய நைஜீரியாவின் லாகோஸ் மாநிலத்தில், படாக்ரி என்ற பழைய துறைமுக நகருக்கு அண்மையில் உள்ளது அக்கிராமம். படாக்ரியின் வரலாறு துயரமானது. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடிக்கப்பட்ட மக்கள் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் ஏற்றியனுப்பப்பட்ட துறைகளுள் அதுவும் ஒன்று. கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் சந்ததியினரிடமே, அதே கரையில் பிறந்த ஒருவர், இழந்துபோன தாளங்களை எடுத்துக்கொண்டு பின்னாளில் சென்று சேர்ந்தார். அவரது வாழ்க்கையின் பொருளை விளங்கிக்கொள்ள இந்தப் புவியியல் செய்தி ஒன்றே போதும்.

அவர் பிறப்பதற்கு முன்னரே தந்தையார் காலமாகிவிட்டார். யொரூபா மொழியில் ‘பாபாதுண்டே’ என்றால் ‘தந்தை மீண்டும் வந்தார்’ என்று பொருள். ‘ஒலாதுன்ஜி’ என்பது மதிப்பு மீண்டும் விழித்தெழுவதைக் குறிக்கும். பெயரில் உள்ளபடி வாழ்வு அமைவது எல்லோருக்கும் கிட்டுவதன்று. இவருக்கு ஓரளவு கிட்டியது எனலாம்.

‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ சஞ்சிகையில் றோட்டரி அமைப்பின் புலமைப்பரிசில் பற்றிய குறிப்பொன்றைப் படித்து, விண்ணப்பித்து, 1950இல் அவர் அமெரிக்கா சென்றார். சேர்ந்த இடம் அட்லாண்டா நகரின் மோர்ஹவுஸ் கல்லூரி. கறுப்பின ஆண்களின் உயர்கல்விக்கெனப் புகழ்பெற்ற கல்லூரி அது. மார்ட்டின் லூதர் கிங் அங்கிருந்து 1948இல் பட்டம் பெற்று வெளியேறியிருந்தார். பேருந்திலும் உணவகத்திலும் நிறத்தின்படி இருக்கை பிரித்த தென்மாநிலம் ஒன்றில் ஒலாதுன்ஜி நான்கு ஆண்டுகள் படித்தார். அவர் பட்டம் பெற்ற 1954ஆம் ஆண்டிலேதான், பாடசாலைகளில் நிறப் பாகுபாடு சட்டவிரோதமானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

முரசு தட்டிப் பிழைப்பதற்காக அவர் அங்கு செல்லவில்லை. இராஜதந்திர சேவையில் சேர்வதே அவரது கனவாக இருந்தது. மோர்ஹவுசை முடித்துக்கொண்டு நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகம் பயின்றார். ஆனால் கல்லூரியின் முதல் நாட்களிலேயே அவரைத் திடுக்கிட வைத்த ஒன்று அவரது பாதையைத் திருப்பியது. அவருடன் படித்த கறுப்பின மாணவர்களுக்கு ஆபிரிக்கா பற்றி ஏதும் தெரியவில்லை. தெருக்களில் சிங்கம் திரியுமா, மக்கள் மரத்தில் உறங்குவார்களா என்றெல்லாம் அவரிடம் கேட்டார்கள். டார்சான் திரைப்படங்கள் காட்டிய ஆபிரிக்காவையே அவர்கள் அறிந்திருந்தனர். தம் பாட்டன் பூட்டனின் நிலத்தை, அந்த நிலத்தை இழிவுபடுத்தியவர்களின் திரைப்படங்கள் வழியாகவே அறிந்துகொள்ள வேண்டிய நிலை.

வெள்ளையர் இவ்வாறு கேட்டிருந்தால் அவர் சினந்து விலகியிருக்கக்கூடும். கேட்டவர்கள் தம்மவர்களே என்பதனால் விலக முடியவில்லை. மாணவர் கூட்டங்களில் கிராமத்துப் பாடல்களைப் பாடிக் காட்டினார், முரசு தட்டினார், ஆடவும் பழக்கினார். நியூயோர்க்கில் படிப்புச் செலவுக்காகச் சிறு குழுவொன்றை அமைத்தபோது, அந்தப் பழக்கமே தொழிலாயிற்று. இராஜதந்திரி ஆக விரும்பியவர் வேறொரு வகையில் தூதுவரானார்.

இசைத்தட்டும் அதன் பின்னால் இருந்த கைகளும்

1950களின் இறுதியில் நியூயோர்க்கின் ரேடியோ சிட்டி மண்டபத்தில், பெரும் வாத்தியக் குழு ஒன்றுடன் சேர்ந்து அவர் நிகழ்ச்சி அளித்தார். இசைத்துறையில் புதியோரைக் கண்டுபிடிப்பதில் பேர்பெற்ற ஜோன் ஹமண்ட் அவரைக் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கொண்டுசென்றார். அதன் விளைவே ‘ட்ரம்ஸ் ஒஃப் பஷன்’. நவீன ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவாகி, பெரிய அமெரிக்க நிறுவனமொன்றின் வழியே வீடுதோறும் சென்ற முதல் ஆபிரிக்க முரசிசைத் தொகுதிகளுள் அது முன்னணியில் நிற்பது. பல இலட்சம் பிரதிகள் விற்பனையாயின.

அந்த இசைத்தட்டில் அதிகம் கவனிக்கப்படாத செய்தி ஒன்றுண்டு. ஒலாதுன்ஜியோடு சேர்ந்து முரசு தட்டியவர்களும் பதிற்பாட்டுப் பாடிய பெண்களும் பெரும்பாலும் ஆபிரிக்காவில் பிறந்தவர்கள் அல்லர். சீஃப் பே என்று அறியப்பட்ட ஹோதோர்ன் பே தென் கரோலினா மாநிலத்தவர். மொண்டெகோ ஜோ ஜமெய்க்காவில் பிறந்தவர். யொரூபாப் பாடலை ஒலி பிசகாமல் பாடிய பெண்கள் நியூயோர்க்கில் ஒலாதுன்ஜியிடம் கற்றுக்கொண்டவர்கள். ‘உண்மையான ஆபிரிக்க இசை’ என்று உலகம் வாங்கிக் கேட்டது, உண்மையில் ஓர் ஆசிரியரும் அவரது மாணவர்களும் சேர்ந்து செய்த வகுப்பறை வேலை.

இதனை அறிந்த சிலர் முகம் சுளிக்கக்கூடும். எனக்கோ அந்த இசைத்தட்டின் பெருமையே இதுதான் என்று தோன்றுகிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அறுக்கப்பட்ட ஒரு தொடர்பு, ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் சில ஆண்டுகளிலேயே மீளக் கட்டப்படக்கூடியது என்பதற்கு அது சான்று. நிறுவனம் அதனை விற்ற முறை வேறு விடயம். தொகுதியின் தலைப்பில் உள்ள ‘பஷன்’ என்ற சொல்லும், காற்றுக்கும் புயலுக்கும் உரிய தெய்வமான ஓயாவின் பெயரில் அமைந்த பாடலுக்கு ‘ஆதித் தீ’ என்ற பொருள்பட இடப்பட்ட ஆங்கில உபதலைப்பும், வாங்குவோர் மனதில் எந்த ஆபிரிக்காவை எழுப்ப முயன்றன என்பது வெளிப்படை. டார்சானை விரட்டப் புறப்பட்டவரின் இசைத்தட்டு உறையிலேயே டார்சானின் நிழல் விழுந்திருந்தது.

அந்த 1960ஆம் ஆண்டு சாதாரணமான ஆண்டன்று. நைஜீரியா உட்பட ஆபிரிக்காவின் 17 நாடுகள் அவ்வாண்டில் சுதந்திரம் பெற்றன. மார்ச் 21ஆம் திகதி தென்னாபிரிக்காவின் ஷார்ப்வில்லில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் 69 பேர் கொல்லப்பட்டனர். ஜாஸ் முரசுக் கலைஞர் மெக்ஸ் ரோச் அதே ஆண்டில் பதிவு செய்த, விடுதலையைப் பொருளாகக் கொண்ட ‘வீ இன்சிஸ்ட்’ என்ற தொகுதியில் ஒலாதுன்ஜியும் பங்குகொண்டார். அதில் பாடகி அபி லிங்கன் ஆபிரிக்க இனங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அழைக்க, ஒலாதுன்ஜி விடுதலை பற்றிய முதுமொழிகளை யொரூபாவில் பதிலாகக் கூறுகிறார். பியானோக் கலைஞர் ரண்டி வெஸ்டனின் ‘உஹுரு ஆப்ரிகா’ தொகுதியிலும் அவ்வாண்டிலேயே அவர் வாசித்தார். ஜோன் கோல்ட்ரேன் 1962இல் ‘துன்ஜி’ என்ற பெயரில் உருப்படி ஒன்றை இயற்றிப் பதிவு செய்தார். நண்பரின் பெயரையே உருப்படிக்குச் சூட்டினார் அந்த மேதை.

125ஆம் தெரு

இந்தப் புகழை வைத்துக்கொண்டு ஒலாதுன்ஜி வசதியாக வாழ்ந்திருக்கலாம். 1964இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியின் ஆபிரிக்க அரங்கில் அவரது குழு நிகழ்ச்சி நடத்தியது. ‘ஆபிரிக்காவின் இசைக்கருவிகள்’ பற்றிய நூலொன்றை 1965இல் பெட்டி வார்னர் டியட்ஸ் என்பவரோடு இணைந்து எழுதினார். பாடகர், முரசுக் கலைஞர், நடனக் குழுவின் தலைவர், பாடல் ஆசிரியர், நூலாசிரியர் எனப் பல துறைகளிலும் அவர் கால் பதித்திருந்தார். அந்தக் கட்டத்தில் அவர் செய்தது, ஹார்லெமில் ஒரு கட்டடத்தை எடுத்து ‘ஒலாதுன்ஜி ஆபிரிக்கப் பண்பாட்டு நிலையம்’ என்று பெயர்ப்பலகை மாட்டியது.

ஹார்லெம் அப்போது இருந்த நிலையை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1964 ஜூலையில் 15 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் பொலிஸ் அதிகாரியால் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அங்கு பெருங் கலவரம் மூண்டது. வறுமையும் வேலையின்மையும் சினமும் நிறைந்த பகுதியாக அது இருந்தது. அங்குள்ள பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் முரசும் நடனமும் பாட்டும், ஆபிரிக்க மொழியும் கதைகளும் கற்பிக்கப்பட்டன. கட்டணம் உயர்ந்தால் பிள்ளை வராது. உயராவிட்டால் வாடகை கட்ட முடியாது. உலகெங்கும் இத்தகைய நிலையங்களை நடத்துவோர் அனைவரும் அறிந்த கணக்கு இது.

கோல்ட்ரேன் அந்த நிலையத்துக்குப் பண உதவி செய்தார். யூசெப் லதீப், கோல்ட்ரேன், ஒலாதுன்ஜி மூவரும் சேர்ந்து தம் நிகழ்ச்சிகளைத் தாமே ஒழுங்கு செய்யும் திட்டமொன்றையும் வகுத்திருந்தனர். கேளிக்கை விடுதிகளின் உரிமையாளர்களும் முகவர்களும் வகுத்த விதிகளின்படி வாசித்துச் சலித்தவர்கள் அவர்கள். கறுப்பினக் கலைஞன் தன் கலைக்கான இடத்தைத் தானே உடைமையாகக் கொள்ள வேண்டும் என்பதே திட்டத்தின் சாரம். 1967 ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை, கோல்ட்ரேனின் குழு அந்நிலையத்தில் வாசித்தது. ‘ஆபிரிக்காவின் வேர்கள்’ என்ற பெயரில் தொடராக நடக்கவிருந்த நிகழ்ச்சிகளின் ஆரம்பம் அது. மூன்று மாதங்கள் முடியுமுன், ஜூலை 17ஆம் திகதி, கோல்ட்ரேன் ஈரல் புற்றுநோயால் தமது 40ஆவது வயதில் காலமானார். மூவரின் திட்டமும் அவரோடு போயிற்று.

அன்றைய நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு 2001இல் ‘ஒலாதுன்ஜி கொன்சர்ட்’ என்ற பெயரில் வெளியாயிற்று. கோல்ட்ரேனின் இறுதி மேடைப் பதிவாக வெளியானது அதுவே. பதிவின் ஒலித்தரம் கரடுமுரடானது. இரண்டே உருப்படிகள். ஆயினும் ஜாஸ் இரசிகர்கள் அதனைப் பொக்கிஷமாகப் போற்றுகின்றனர். அதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் கோல்ட்ரேனின் மூச்சையும் நோயையும் பற்றி நிறையவே உண்டு. அந்த மேடை யாருடையது, வாரத்தின் மற்ற நாட்களில் அங்கு என்ன நடந்தது என்று கேட்போர் மிகக் குறைவு.

வாயால் சொல்லிக் கையால் தட்டுவது

ஒலாதுன்ஜியின் கற்பித்தல் முறை பற்றிச் சில வார்த்தைகள் கூறவேண்டும். முரசின் நடுவில் உள்ளங்கையால் எழுப்பும் ஆழ்ந்த ஒலிக்கு ‘கன்’, ‘துன்’ என்றும், விளிம்பில் விரல்களால் எழுப்பும் திறந்த ஒலிக்கு ‘கோ’, ‘தோ’ என்றும், அறைந்து எழுப்பும் கூரிய ஒலிக்கு ‘பா’, ‘தா’ என்றும் அவர் பெயரிட்டுக் கற்பித்தார். ஒவ்வொரு சோடியிலும் ஒன்று வலக்கைக்கு, மற்றது இடக்கைக்கு. மாணவர் முதலில் வாயால் சொல்ல வேண்டும். அதன் பின்னரே கை. ஆறே அசைகளைக் கொண்டு எத்தகைய தாளக்கோவையையும் சொல்லிவிடலாம்.

மிருதங்கத்தின் சொற்கட்டை அறிந்த நமக்கு இது புதிதன்று. நமது மரபில் சொற்கட்டு பல தலைமுறைகளின் பெரும் இலக்கணமாக வளர்ந்து நிற்கிறது. ஒலாதுன்ஜி செய்ததோ வேறு தேவைக்கானது. இசைக்குறியீடு படிக்கத் தெரியாத, கருவி வாங்க வசதியில்லாத, நாளை மீண்டும் வருவானா என்று உறுதியில்லாத ஒரு சிறுவனுக்கு ஒரு மாலைப்பொழுதில் ஏதேனும் ஒன்றைக் கொடுத்தனுப்ப வேண்டும். அவன் கையில் முரசு இல்லாவிட்டாலும் வாயில் தாளம் இருக்க வேண்டும். அதற்கு ஆறு அசைகள் போதுமானவையாக இருந்தன. இன்றும் அமெரிக்காவில் கைமுரசு கற்பிக்கும் பலர் இந்த அசைகளையே பயன்படுத்துகின்றனர். யாரிடமிருந்து வந்தது என்று அறியாமலேயே பயன்படுத்துவோரும் உளர்.

ஒரு குற்றச்சாட்டும் அதற்கான விடையும்

ஒலாதுன்ஜிமீது வைக்கப்படும் குற்றச்சாட்டு ஒன்றை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். யொரூபா மக்களிடையே முரசு பரம்பரைத் தொழில். அயன் என்ற முரசுத் தெய்வத்தின் வழிவந்த குடும்பங்களாகத் தம்மைக் கருதுவோர் அதனைப் பேணுகின்றனர். அவர்களது பெயர்களே ‘அயன்’ என்று தொடங்குகின்றன. ஒலாதுன்ஜி அத்தகைய குடும்பத்தவர் அல்லர். ஊர்த் திருவிழாக்களில் கேட்டும் பார்த்தும் பழகியவர். பரம்பரைக் கலைஞருக்குரிய நுட்பம் அவரிடம் இல்லை, பல இனங்களின் தாளங்களை ஒன்றாகக் கலந்தார், சடங்குக்குரியதை மேடைக்குக் கொண்டுவந்து எளிமைப்படுத்தினார் என்று விமர்சகர்கள் கூறுவர்.

இவற்றில் உண்மை இருக்கிறது. நுட்பத்தின் அளவுகோலால் மட்டும் பார்த்தால், அவரைவிடச் சிறந்த முரசுக் கலைஞர்கள் நைஜீரியாவிலும் கானாவிலும் ஏராளம். பிற்காலத்தில் அவரது குழுவிலேயே வாசித்த சிகிரு அடெபோஜு, பேசும் முழவில் அவரைவிடத் தேர்ந்தவர். ஆனால் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். பரம்பரை அறுக்கப்பட்ட மக்களிடம் பரம்பரையை நிபந்தனையாக வைப்பது நியாயமா? கப்பலில் ஏற்றப்பட்ட நாளில் பெயரும் மொழியும் குலமும் பறிக்கப்பட்டவரின் வழித்தோன்றலிடம், ‘நீ எந்த முரசுக் குடும்பத்தவன்?’ என்று வினவினால் அவன் என்ன விடை சொல்வான்? அவனுக்குத் தேவைப்பட்டவர் கதவைத் திறக்கும் ஒருவர். உள்ளே சென்ற பின் நுட்பத்தைத் தேடிக்கொள்ளலாம். அவ்வாறு தேடிச் சென்றவர்கள் பலர். 1960களிலும் 70களிலும் நியூயோர்க்கில் ஆபிரிக்க முரசையும் நடனத்தையும் கற்று, பின்னர் செனகலுக்கும் கினிக்கும் நைஜீரியாவுக்கும் போய் ஆழமாகப் படித்துத் திரும்பிய தலைமுறைக்கு முதற் படிக்கட்டாக அமைந்தது ஒலாதுன்ஜியின் இசைத்தட்டும் வகுப்புமே.

அந்தத் திறந்த கதவு வழியே வேறு சிலவும் நுழைந்தன என்பதையும் மறைக்கக்கூடாது. முரசை மன அமைதிக்கான பயிற்சிப் பொருளாகவும் வார இறுதிப் பொழுதுபோக்காகவும் மட்டும் கொண்டு, அதன் மக்களையும் வரலாற்றையும் மறந்துவிட்ட ஒரு கூட்டமும் அமெரிக்காவில் வளர்ந்தது. அதற்கு ஒலாதுன்ஜியை முற்றிலும் பொறுப்பாக்க முடியாது. முற்றிலும் விடுவிக்கவும் முடியாது. எல்லோருக்கும் முரசு என்று முழங்கியவர் அவரே.

கலிபோர்னியாவுக்குப் போன முரசு

125ஆம் தெருவின் நிலையம் 1980களில் மூடப்பட்டது. பணமின்மையே காரணம். 1970களில் நியூயோர்க் மாநகராட்சியே வங்குரோத்தின் விளிம்பில் நின்றது. ஹார்லெமில் வீடுகள் கைவிடப்பட்டன. இசைத்தட்டுச் சந்தையும் வேறு திசைக்குப் போய்விட்டது. பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் முரசு கற்பிக்கும் ஓரிடத்தைக் காப்பாற்றுவது யாருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை.

ஒலாதுன்ஜியின் வாழ்க்கை அங்கு முடியவில்லை. ‘ட்ரம்ஸ் ஒஃப் பஷன்’ கேட்டு வளர்ந்தவர்களுள் ஒருவரான, ‘கிரேட்ஃபுல் டெட்’ குழுவின் முரசுக் கலைஞர் மிக்கி ஹார்ட், அவரை மீண்டும் பெரிய மேடைக்கு அழைத்து வந்தார். 1985ஆம் ஆண்டின் கடைசி இரவில் அக்குழுவின் நிகழ்ச்சிக்கு முன்னதாக ஒலாதுன்ஜியின் குழு வாசித்தது. ஹார்ட்டின் முயற்சியால் 1988இலும் 1989இலும் இரு தொகுதிகள் வெளிவந்தன. பின்னர் 1991இல் ‘பிளனட் ட்ரம்’ என்ற தொகுதி வந்தது. உலகின் பல பாகங்களிலிருந்தும் தாளக் கலைஞர்களைக் கூட்டிவந்த அத்தொகுதியில் ஒலாதுன்ஜி, அடெபோஜு ஆகியோரோடு தபேலாக் கலைஞர் சாகிர் ஹுசைனும் நமது கடம் வித்துவான் விக்கு விநாயக்ராமும் வாசித்தனர். சிறந்த உலக இசைத் தொகுதிக்கென முதன்முறையாக ஏற்படுத்தப்பட்ட கிராமி விருதை 1992இல் பெற்றது அதுவே. தமிழ்ப் பத்திரிகைகள் விநாயக்ராமை முன்வைத்து அந்த விருதைப் பேசுவது இயல்பு. அவருக்கு அருகில் அமர்ந்திருந்த நைஜீரிய முதியவரும் நாம் அறிந்துகொள்ள வேண்டியவர்.

விநாயக்ராமின் தந்தையார் ஹரிஹர சர்மா 1958இல் சென்னையில் நிறுவிய தாளவாத்திய வித்தியாலயம் அவருக்குப் பின் மகனாலும் நடத்தப்பட்டுத் தலைமுறை கடந்து நிலைத்தது. மரபும் குடும்பமும் அதனைத் தாங்கின. அதே தொகுதியில் வாசித்த ஒலாதுன்ஜியின் பள்ளியோ அதற்குள் மூடப்பட்டிருந்தது. இரண்டு ஆசிரியர்களும் உழைப்பில் குறைந்தவர்கள் அல்லர். ஒன்றைத் தாங்க ஒரு சமூகம் பின்னால் நின்றது. மற்றதைத் தாங்க வேண்டிய சமூகம் தன்னையே தாங்கிக்கொள்ள முடியாத நிலையில் இருந்தது.

பிற்காலத்தில் ஒலாதுன்ஜி கலிபோர்னியாவின் பிக் சேர் கடற்கரையில் உள்ள எசலன் நிறுவனத்தில் கற்பித்தார். வசதி படைத்தோர் பணம் செலுத்தித் தங்கி, மனதைச் சீர்ப்படுத்திக்கொள்ளச் செல்லும் இடம் அது. அவர் அதே ஆறு அசைகளைத்தான் அங்கும் சொல்லிக்கொடுத்தார். ஹார்லெமின் பிள்ளைகளுக்காக உருவாக்கப்பட்ட பாடம் பசிபிக் கடற்கரையின் விருந்தினரிடம் போய்ச் சேர்ந்தது. இதனை அவரது துரோகம் என்று சொல்ல நான் தயாரில்லை. முதுமையில் நீரிழிவு நோயோடு போராடிய ஒரு கலைஞன், தன்னை அழைத்த இடத்துக்குப் போனான். அழைக்க வேண்டிய இடத்தில் கதவு மூடியிருந்தது என்பதே கணக்கில் எழுதப்பட வேண்டியது. ஏழைகளின் தெருவில் முளைத்த அறிவு, அங்கு அதனைத் தாங்க நிதி இல்லாதபோது, நிதி உள்ளவரிடமே சென்று சேர்கிறது. இது ஒலாதுன்ஜிக்கு மட்டும் நேர்ந்ததன்று.

எதைப் பாதுகாக்கிறோம்?

2003 ஏப்ரல் 6ஆம் திகதி, தமது 76ஆவது பிறந்த நாளுக்கு முதல் நாள், கலிபோர்னியாவின் சலினாஸ் நகரில் ஒலாதுன்ஜி காலமானார். மூன்று நாட்களின் பின் பாக்தாத் வீழ்ந்தது. உலகப் பத்திரிகைகளின் வெளிநாட்டுப் பக்கங்கள் அந்த வாரத்தில் வேறு செய்திகளால் நிறைந்திருந்தன. மறு ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ‘ட்ரம்ஸ் ஒஃப் பஷன்’ தொகுதியைச் சேர்த்துக்கொண்டது. தேசத்தின் பண்பாட்டுச் சொத்தாக என்றும் பாதுகாக்கப்பட வேண்டிய பதிவுகளின் பட்டியல் அது. அவரது தன்வரலாற்று நூல் 2005இல், அவர் மறைந்த பின்னரே வெளிவந்தது.

அரசு நூலகமொன்று அந்த இசைத்தட்டைக் காப்பாற்ற முன்வந்ததை வரவேற்கிறேன். கோல்ட்ரேனின் கடைசி மேடைப் பதிவும் பத்திரமாக இருக்கிறது. ஆனால் இவ்விரு பதிவுகளும் எப்படி உண்டாயின என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று, ஒரு வெளிநாட்டு மாணவன் அமெரிக்கத் தோழர்களுக்கு ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுத்ததன் விளைவு. மற்றது, குறைந்த கட்டணத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடந்த ஒரு கட்டடத்தில் ஒரு ஞாயிறு மாலை எழுந்த ஒலி. பதிவுகள் நிரந்தரம் பெற்றன. அவற்றைப் பெற்றெடுத்த வகுப்பறைக்கு மாத வாடகை கொடுக்க எந்த நூலகமும் எந்த இசைத்தட்டு நிறுவனமும் முன்வரவில்லை. பல இலட்சம் பிரதிகள் விற்ற தொகுதியின் இலாபத்தில் ஒரு சிறு பங்கு தவறாமல் ஹார்லெமுக்குத் திரும்பியிருந்தாலே அந்தக் கதவு திறந்திருக்கும்.

கலைஞனைப் போற்றுவதில் நாம் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. விருதும் பட்டமும் மலரும் தாராளமாகக் கிடைக்கின்றன, பெரும்பாலும் காலம் கடந்து. கற்பிப்பவனுக்கு வேண்டியவை வேறு: ஒரு கூரை, மின்கட்டணம், நான்கைந்து முரசுகள், அடுத்த வாரமும் கதவு திறந்திருக்கும் என்ற உறுதி. இவை செய்தியாவதில்லை. நிலையம் மூடப்படும்போதுகூடப் பெரும்பாலும் செய்தியாவதில்லை என்பதை, செய்தி எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் நான் அறிவேன்.

ஒலாதுன்ஜியிடம் ஆறு அசைகள் கற்ற ஹார்லெம் சிறுவர் சிறுமியர் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்திருப்பார்கள். அவர்களிற் பலர் இசைக்கலைஞர்கள் ஆகியிருக்க மாட்டார்கள். ஆக வேண்டும் என்று அவர் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. ஆபிரிக்காவைப் பற்றிக் கேட்டால் சிங்கத்தையும் மரத்தையும் சொல்லாத ஒரு தலைமுறை வேண்டும் என்றே அவர் விரும்பினார். அட்லாண்டாவில் 1950இல் அவரிடம் கேட்கப்பட்ட கேள்விகளை அந்தப் பிள்ளைகள் யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். ஓர் ஆசிரியருக்கு அதைவிடப் பெரிய விருது ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.